இரண்டாவது பெடல்

ஷெட்டின் தரை வாசலைப் பார்த்துச் சரிந்திருக்கும். கழுவிவிடும் தண்ணீர் தானாக வெளியே ஓடட்டும் என்று மெக்கானிக் கூடவே நின்று பூசவைத்த சரிவு அது. கட்டை வைக்காமல் எந்த வண்டியை நிறுத்தினாலும் சொல்லாமல் கொள்ளாமல் தெருவுக்குக் கிளம்பிவிடும். அன்று காலை வந்த பழைய காரை அவன் நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிட்டு, சக்கரத்துக்கு வைக்கக் கட்டையை எடுத்துக்கொண்டு திரும்பினான். கார் இருந்த இடத்திலேயே நின்றது.

தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தான். அசையவில்லை. சரி, குனிந்து பார்க்கலாம் என்று கட்டையைக் கீழே வைக்கப் போனபோது, அது தானாகவே ஒரு முழம் உருண்டு மறுபடி நின்றது. யாரோ காலை எடுத்துவிட்டு, யோசித்து, திரும்ப வைத்தது போல இருந்தது. அவன் கட்டையைச் சக்கரத்துக்கு முன்னால் உதைத்துத் தள்ளினான்.

கொண்டுவந்து விட்டுப்போன டிரைவிங் ஸ்கூல் வாத்தியாரம்மா சொன்னதும் அதைத்தான். "எப்பவும் இல்ல தம்பி. நல்லா ஓடிட்டே இருக்கும். திடீர்னு யாரோ பின்னாலேர்ந்து பிடிச்சு இழுக்கற மாதிரி ஆயிடும். ஓட்டிப் பழகறவங்க என்னைத் திட்டறாங்க. 'நீங்க ஏன்மா சும்மா சும்மா பிரேக்கை மிதிக்கறீங்க'ன்னு. நான் காலை மடக்கி சீட்டு மேல வச்சிட்டுல்ல உக்காந்திருக்கேன்."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

டிரைவிங் ஸ்கூல் கார் என்பதால் பக்கத்து சீட்டின் காலடியிலும் ஒரு பிரேக் பெடல் உண்டு. பழகுகிறவர் தடுமாறினால் சொல்லிக்கொடுப்பவர் மிதிப்பதற்கு. இரண்டு பெடலையும் ஓர் இரும்புக் கம்பி சேர்த்திருந்தது. ஒன்று இறங்கினால் மற்றதும் கூடவே இறங்கும். ஏழு மாதத்துக்கு முன்பு வரை அந்த சீட்டில் அவளுடைய புருஷன் உட்கார்ந்திருந்தார். ஊரே அவரை வாத்தியார் என்றுதான் கூப்பிட்டது. வெயிலோ மழையோ கறுப்பு பாலிஷ் போட்ட பூட்ஸ் இல்லாமல் வண்டியில் ஏற மாட்டார். பயந்து நடுங்குகிற ஒவ்வொருவரிடமும் ஒரே வசனம்தான். நீ ஸ்டியரிங்கைப் பாரு, பிரேக்கை நான் பாத்துக்கறேன்.

"நாலு மணிக்கு டெஸ்டு," என்று வாத்தியாரம்மா கிளம்பும்போது ஞாபகப்படுத்தினாள். "நான் பேப்பரெல்லாம் எடுத்துட்டு பஸ்ல முன்னால போயிடறேன். பாப்பாவும் நீங்களும் வண்டியோட வந்துடுங்க. இன்னிக்கு விட்டா அடுத்த மாசம்தான் ஆபீசர் வருவாரு."

பாப்பா அவன் மகள். இருபத்திரண்டு வயதாகியும் வீட்டில் பெயர் மாறவில்லை. ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டும் வேலைக்கு உத்தரவு வந்திருந்தது. நாளை காலை பத்து மணிக்குள் லைசென்ஸைக் காட்டாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். ஸ்கூலில் இருந்ததும் இந்த ஒரே கார்தான். இதை மூன்றரை மணிக்குள் சரிசெய்தாக வேண்டும். இதன் அடியில் படுக்காமல் இருக்க அவன் எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பான்.

காரை நாலு ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, புறங்கையை ஒவ்வொரு சக்கரத்து பிரேக் டிரம்மின் பக்கத்திலும் காட்டினான். ஒரே ஒரு சக்கரம் சூடாக இருந்தால் அந்தச் சக்கரத்தில் கோளாறு. பின்னால் இரண்டு மட்டும் என்றால் ஹேண்ட்பிரேக். நாலும் ஒரே மாதிரி சூடாக இருந்தன. கருகிய பிரேக் லைனிங்கின் வாடை, பழைய கம்பளியைத் தீய்த்தது போன்ற அந்த வாடை, தகரக் கூரையின் கீழே வெளியேற வழி தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தது. கூரை வெயிலில் டப் டப்பென்று விரிந்தது. அதைத் தவிர ஷெட்டில் வேறு சத்தமில்லை.

பின்பக்கமாகவே இருந்துவிடக் கூடாதா என்ற ஆசையில் ஹேண்ட்பிரேக் கேபிளைக் கழற்றித் தனியாகத் தொங்கவிட்டான். சக்கரத்தைக் கையால் சுற்றினான். சுற்றவில்லை. ஆசைக்கும் பிரேக்குக்கும் சம்பந்தமில்லை என்று இருபத்தைந்து வருஷமாக மற்றவர்களுக்குச் சொல்லி வந்தவன் அவன்.

அடுத்தது நிப்பிள். ஒவ்வொரு சக்கரத்தின் பின்னாலும் சுண்டுவிரல் தடிமனில் ஒரு திருகு இருக்கும். அதைச் சற்றுத் திறந்தால் உள்ளே அழுத்தத்தில் இருக்கும் பிரேக் ஆயில் பீய்ச்சி வெளியேறும், சக்கரம் விடுபடும். விடுபட்டால் எங்கோ குழாயில் ஆயில் சிக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பத்தாம் நம்பர் ரிங் ஸ்பானரை முன்சக்கரத்தின் நிப்பிளில் மாட்டினான்.

ஏழு மாதத்துக்கு முன்னாலும் இதே கார்தான், இதே ஷெட்தான். ஒரு பின்சக்கரம் பிடித்துக்கொள்கிறது என்று வாத்தியார் கொண்டுவந்தார். அவன் நிப்பிளைத் திறந்தான், பார்த்தான், விரலால் திருகி மூடினான். ஸ்பானர் போட்டு இறுக்கப் போகும்போது போன் அடித்தது. பேசிவிட்டு வந்தவன் சக்கரத்தை மாட்டி வண்டியை இறக்கிவிட்டான். அவ்வளவுதான் நடந்தது. பிறகு நாலு நாள் ஆயில் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. முப்பது வருஷத்து வண்டி, நாலு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே குழாய் வழி, ஓரிடத்தில் ஒழுகினால் மொத்தமும் போச்சு. ஐந்தாம் நாள் கோடவுன் சரிவில், ஒரு பேங்க் குமாஸ்தா ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தபோது, இரண்டு பெடலும் தரையைத் தொட்டன. சரிவின் அடியில் ரோடு திரும்பும். கார் திரும்பவில்லை.

கோடவுன் சுவரில் மோதியது வாத்தியாரின் பக்கம். உயிர் போன பிறகும் பெடலிலிருந்து அவர் காலை எடுக்கவே முடியாமல், கடைசியில் பூட்ஸை அறுத்துத்தான் எடுத்தார்கள்.

நொறுங்கிய காரை இழுத்துக்கொண்டு வந்தது அவனுடைய ஷெட்டுக்கே. பிரேக்கைச் சோதிக்க இன்ஸ்பெக்டர் மறுநாள் காலைதான் வருவதாக இருந்தது. அன்று சாயங்காலமே அவன் நிப்பிளை இறுக்கி, ஆயில் நிரப்பி, தரையைத் துடைத்துவிட்டான். பிரேக் நன்றாக இருந்தது, ஓட்டியவர் பதற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டார் என்று ரிப்போர்ட் வந்தது. குமாஸ்தா எல்லோரிடமும் அழுதுபார்த்தார். நானும் பிரேக்கைத்தான் மிதிச்சேன், அவரும் மிதிச்சார் என்றார். யாரும் நம்பவில்லை. உண்மை தெரிந்த ஒரே ஆள் வாயைத் திறக்கவில்லை.

வேறொரு பட்டறையில் தட்டி நிமிர்த்தி, கார் மறுபடி ஸ்கூலுக்கே போனது. அதற்குப் பிறகு அவன் தனக்கென்று ஒரு சட்டம் வைத்துக்கொண்டான். நிப்பிளை இறுக்கி முடிக்கும்வரை ஸ்பானரை அதிலிருந்து கழற்றக் கூடாது. ஸ்பானர் தொங்கினால் வேலை பாக்கி என்று அர்த்தம். போன் அடித்தாலும் சரி, வானமே இடிந்து விழுந்தாலும் சரி.

முன்சக்கர நிப்பிளைத் திறந்தான். ஆயில் பீய்ச்சி அவன் மணிக்கட்டில் அடித்தது. சக்கரம் விடுபட்டு லேசாகச் சுற்றியது. இறுக்கினான், ஸ்பானரைக் கழற்றினான், மூச்சு விட்டான். சிக்கிய ஆயில் போய்விட்டது. இனி யாராவது பெடலை மிதித்தால் ஒழிய இது மறுபடி பிடிக்க வழியில்லை.

எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து சக்கரத்தைச் சுற்றினான். பிடித்திருந்தது.

ஷெட்டில் யாரும் இல்லை. காரின் கதவு நான்கும் மூடியிருந்தன. அவன் அடுத்த முன்சக்கரத்துக்குப் போனான். திறந்தான், பீய்ச்சியது, விடுபட்டது, இறுக்கினான். மனசுக்குள் அறுபது வரை எண்ணத் தொடங்கினான். முப்பத்தெட்டில் டிரம்முக்குள்ளிருந்து லைனிங் உரசும் சன்னமான முனகல் கேட்டது. சுற்றிக்கொண்டிருந்த சக்கரம் மெல்ல, மிக மெல்ல, நின்றது. மூன்றாவது சக்கரத்திலும் அதே கதை. ஒவ்வொரு தடவையும் ஆயில் வேகமாக வெளியேறியது, ஒவ்வொரு தடவையும் உள்ளே புதிதாக அழுத்தம் ஏறியது. குழாயில் சிக்கிய ஆயில் ஒருமுறைதான் பீய்ச்சும். இது சிக்கிய ஆயில் இல்லை.

நாலாவது, பின்சக்கரம். அன்றைக்கு விட்ட அதே நிப்பிள்.

அதற்கு அவன் காரின் அடியில் முழுசாகப் படுக்க வேண்டியிருந்தது. சிமெண்ட் தரையின் சூடு பனியன் வழியாக முதுகில் ஏறியது. ஸ்பானரை மாட்டித் திறந்தான். ஆயில் வழிந்தது. விரலால் மூடினான். இறுக்க ஸ்பானரைப் பிடித்தபோது, தலைக்கு முன்னால், காரின் தரைத் தகட்டுக்கு மேலே, ஒரு ஸ்பிரிங் முனகியது. பெடல் ஸ்பிரிங். அந்தச் சத்தத்தை அவன் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லிவிடுவான். யாரோ பெடலை மிதிக்கிறார்கள். அவசரமில்லாமல், ஒரு விரற்கடை, இன்னும் ஒரு விரற்கடை.

பிறகு வாடை வந்தது. லைனிங் வாடை இல்லை. கறுப்பு பாலிஷ்.

எப்படி வெளியே வந்தான் என்று அவனுக்கே தெரியாது. முழங்கை சிராய்ந்திருந்தது. போனை எடுத்து வாத்தியாரம்மாவைக் கூப்பிட்டான்.

"அக்கா, வண்டி இன்னிக்கு வேணாம். டெஸ்டை அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

"என்ன தம்பி இப்படிச் சொல்றீங்க? பாப்பாவோட வேலை?"

"பிரேக் சரியில்லக்கா."

"அதுக்குத்தானே உங்ககிட்ட விட்டேன்?" அவள் குரல் தணிந்தது. "அவர் உங்களைத் தவிர யாரையும் இந்த வண்டியைத் தொட விட்டதில்ல. அந்த பேங்க் ஆள் கண்டபடி உளறினப்பகூட நான் சொன்னேன், தம்பி கை வச்ச பிரேக் தப்பாதுன்னு. நீங்க பாத்து எடுத்துட்டு வாங்க."

சொல்லிவிட வாயைத் திறந்தான். அவள் போனை வைத்துவிட்டாள். மறுபடி கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

மணி மூன்று. அவன் பக்கத்து சீட்டின் கதவைத் திறந்தான்.

உள்ளே வெயில் விழுந்து சீட்டு வெறுமையாக இருந்தது. கீழே அந்தப் பெடல் இறங்கியிருந்தது. பாதி தூரம். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம் இறங்கியது. கம்பி இழுபட்டு, ஓட்டுகிறவர் பக்கத்துப் பெடலும் கூடவே தலை சாய்த்தது. தூக்கிவிடலாம் என்று மண்டியிட்டு, பெடலுக்கு அடியில் விரல்களைக் கொடுத்து நிமிர்த்தினான். கொஞ்சம் நிமிர்ந்தது. பிறகு ஒரு முழு ஆளின் பாரம் அதன் மேல் வந்து இறங்கியது. விரல்கள் பெடலுக்கும் தரைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டன. அவன் கத்தவில்லை. கத்தினால் யாராவது வருவார்கள், வந்தால் கேட்பார்கள்.

"வாத்தியாரே," என்றான். சொந்தக் குரல் போல இல்லை. "நான்தான் வாத்தியாரே. நிப்பிளை இறுக்கல. மறந்துட்டேன். அப்புறம் மறைச்சுட்டேன். அந்த மனுஷன் மேல தப்பில்ல. எல்லாம் நான்தான்." மூக்கிலிருந்தும் கண்ணிலிருந்தும் வழிந்ததைத் துடைக்க அவனுக்குக் கை இல்லை. "எம் பொண்ணு போகணும். விட்டுடுங்க. இன்னிக்கு ஒரு நாள். காலை எடுங்க."

ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. கூரை ஒருமுறை டப்பென்றது.

பாரம் போனது. பெடல் முழுசாக மேலே எழுந்து நின்றது. நாலு சக்கரத்தையும் ஓடி ஓடிச் சுற்றிப் பார்த்தான். நாலும் தேங்காய் எண்ணெய் விட்டது போல வழுக்கிக்கொண்டு சுழன்றன. ஐந்து நிமிஷம் காத்திருந்து மறுபடி சுற்றினான். அப்போதும் சுழன்றன. பாலிஷ் வாடை இல்லை. பெடலைக் கையால் அழுத்தினான், கல்லாக நின்றது. ஆயில் அளவு பார்த்து நிரப்பினான். ஏழு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்துபோனதில் அவனுக்குக் காதெல்லாம் இரைந்தது, முட்டாள் மாதிரி தனியாகச் சிரித்தான். காரை இறக்கினான். சாமான்களைப் பெட்டியில் அடுக்கும்போது பத்தாம் நம்பர் இடம் காலியாக இருந்தது. பாக்கெட்டில் இருக்கும் என்று மூடிவிட்டான்.

பாப்பா வந்தபோது மூன்றரை. தலையை இழுத்துக் கட்டி, இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தாள்.

"என்னப்பா, அழுதீங்களா?"

"ஆயில் தெறிச்சுடுச்சு. ஏறு. நான் ஓட்டறேன்."

"நான் ஓட்டறேன்ப்பா. டெஸ்டுக்கு முன்னால கையைக் கொஞ்சம் பழக்கிக்கறேன்." சொல்லிக்கொண்டே அவள் காரைச் சுற்றி நடந்தாள்.

வேண்டாம் என்று சொல்ல நினைத்தான். ஆனால் அவன் ஓட்டினால் அவள் பக்கத்து சீட்டில் உட்கார வேண்டும். அந்தப் பெடலுக்கு மேலே அவள் காலை வைக்க வேண்டும். என்னதான் மன்னித்துவிட்டார் என்றாலும் அங்கே அவள் உட்காரக் கூடாது. அவனே அந்தக் கதவைத் திறந்து ஏறிக்கொண்டான்.

தெருவில் இரண்டு தடவை பிரேக் பிடித்துப் பார்த்தாள். வெண்ணெய் மாதிரி பிடித்தது, விட்டது. "சூப்பர்ப்பா," என்றாள். டெஸ்டு நடக்கும் மைதானத்துக்குக் கோடவுன் சரிவு வழியாகத்தான் போக வேண்டும். வழியெல்லாம் மேடும் பள்ளமும். அவன் ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு மகளின் கைகளைப் பார்த்தபடி வந்தான். எவ்வளவு நிதானமான கைகள்.

பின்பக்கமிருந்து ஒரு சத்தம். டிக். பள்ளத்தில் ஏறி இறங்கும்போது மறுபடி. டிக், டிக்.

"என்னப்பா சத்தம்?"

"கல்லா இருக்கும்."

சரிவின் தலைப்பு வந்தது. கீழே கோடவுன் சுவர் தெரிந்தது. நடுவில் புதுசாகப் பூசிய சிமெண்ட் மட்டும் வேறு நிறத்தில், கதவு அகலத்துக்கு. அவன் பார்வையை விலக்கிக்கொண்டான். டிக். டிக். இரும்பில் இரும்பு இடிக்கும் சத்தம் அது. எதிலோ மாட்டித் தொங்குகிற ஒன்று ஆடி ஆடி இடிக்கிறது.

அவன் கை பாக்கெட்டுக்குப் போனது. இந்தப் பக்கம். அந்தப் பக்கம்.

ஸ்பானர் தொங்கினால் வேலை பாக்கி.

விரலால் மூடிய நிப்பிள். அதில் மாட்டிய இரும்பு. ஒவ்வொரு பள்ளத்திலும் அது தன் எடையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகைத் திறந்துகொண்டே வந்திருக்கிறது.

"பாப்பா, வண்டியை நிறுத்து."

"இங்கயா?"

"நிறுத்தும்மா."

அவள் மிதித்தாள். வேகம் சற்றுக் குறைந்தது. பின்னால் டங்கென்று ரோட்டில் ஏதோ விழுந்து உருண்டது. மறுபடி மிதித்தாள். பெடல் பஞ்சாகப் போனது. மறுபடி. ஒன்றுமில்லை.

"அப்பா."

"கியரை இறக்கு."

கியர் கரகரத்தது. விழவில்லை. அவன் ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து இழுத்தான். அது எந்தப் பிடிமானமும் இல்லாமல் கையோடு மேலே வந்தது. கேபிள். காலையில் கழற்றிய கேபிள்.

எத்தனை பேரை இந்தக் கார் இந்தச் சரிவுக்கு வரவிடாமல் பிடித்து நிறுத்தியிருக்கிறது. அவன்தான் கெஞ்சினான். காலை எடுங்க என்று.

"அப்பா, பிரேக்கை நீங்க பாத்துக்கோங்க," என்றாள் பாப்பா. பத்து நாள் வாத்தியாரிடம் பழகியவள். குரல் உடைந்திருந்தது, கைகள் உடையவில்லை. "நான் ஸ்டியரிங்கைப் பாக்கறேன்."

அவன் இரண்டாவது பெடலை மிதித்தான். தரை வரைக்கும் போனது. எடுத்து மிதித்தான். தரை. சுவர் பெரிதானது. புது சிமெண்ட். அதில் கரண்டி இழுத்த கோடுகூடத் தெரிந்தது.

காருக்குள் கறுப்பு பாலிஷ் வாடை நிறைந்தது.

அவன் காலின் மேல் இன்னொரு கால் ஏறியது. குளிர்ந்த, கனத்த பூட்ஸ் கால். பக்கவாட்டில் மேலிருந்து கீழ் வரை அறுத்திருந்தது. அது அவன் கால்விரல்களையும் சேர்த்து அழுத்தி, அவனைவிடப் பலமாக, தரையோடு தரையாக மிதித்தது. எடுத்தது. மிதித்தது. எடுத்தது. மிதித்தது.